நான்காவது போல்ட்

மூன்று வந்துவிட்டன.
முதலாவது முனகாமல்.
இரண்டாவது இரண்டு கெட்ட வார்த்தைகளுக்குப் பிறகு.
மூன்றாவதை மூன்று நாள் எண்ணெயில் ஊறவிட்டேன்,
வியாழன் காலை
வேறு யாரையோ பார்த்தபடி வருவதுபோல் வந்தது.

நான்காவது இளகியது.
அதுதான் பயம்.
கப்பலின் எஞ்சின் அறையில் முப்பது வருஷம் இருந்த கை இது,
இளகுவது வேறு, முறுகுவது வேறு என்று அதற்குத் தெரியும்.
மறை விடும்போது ஒரு கிரீச் கேட்கும்,
ஆணி வீட்டை விட்டுக் கிளம்புகிற சத்தம்.
இதிலே சத்தமே இல்லை.
வெண்ணெயில் கத்தி போவதுபோல ஒரு மென்மை.
நிறுத்து ஊர்வே, நிறுத்து என்று
சொல்லிக்கொண்டேதான் இன்னும் கால் சுற்று இழுத்தேன்.

தலை ஸ்பேனரோடு கையில் வந்தது.
உடல் அலுமினியத்துக்குள் தங்கிவிட்டது,
வட்டமாக, பளபளவென்று,
புதிதாக விழித்த கண்போல என்னைப் பார்த்துக்கொண்டு.

சாரெமாவில் ஜூன் மாதம் இரவு என்று ஒன்று கிடையாது.
பதினொரு மணிக்கும் கொட்டகைக்குள் வெளிச்சம்,
ஆகவே நிறுத்துவதற்குச் சாக்கும் இல்லை.
நடுவில் புள்ளி குத்தி,
இடப்பக்கம் சுழலும் டிரில்லால் துளையிட்டு,
எக்ஸ்ட்ராக்டரைச் செருகித் திருப்பினேன்.
டிக்.
அதுவும் உள்ளே உடைந்தது.
துருவைவிடப் பத்து மடங்கு கெட்டியான இரும்பு,
இனி எந்த டிரில்லும் அதைக் கடிக்காது.
வெளியே வந்து ஜூனிப்பர் புதரை
ஒரு உதை உதைத்தேன்.
அது என்ன செய்தது பாவம்.

மறுநாள் கல்யோ வெல்டிங் பெட்டியைத்
தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தான்,
செய்தித்தாளில் சுற்றிய புகைபோட்ட மீனோடு.
தொண்ணூற்று மூன்றில்
இந்த மாஸ்க்விச்சை என்னிடம் வாங்கியவன்.
சென்ற மாதம் எனக்கே திருப்பி விற்றவன்,
அதே விலைக்கு என்கிறான்,
நடுவில் ரூபிளும் குரோனும் செத்துப்போனதை
அவன் கணக்கில் எடுக்கவில்லை.

முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து
அதன் நடுவில் வெல்டிங்கை ஊற்றினான்.
திருப்பினோம். பிய்ந்தது.
இன்னொரு நட்டு. பிய்ந்தது.
மூன்றாவதும்.
"எந்தப் பாவி இப்படி இறுக்கினான்!" என்றான்.
"ஸ்பேனரில் குழாயை மாட்டித் தொங்கியிருப்பான்."
ஆமாம், என்றேன், குரங்கு.

நான்காவது நட்டு சிவந்திருக்கும்போதே
மெழுகுவர்த்தியை அழுத்தினேன்.
மெழுகு புகைந்து, உருகி, உள்ளே இறங்கியது.
கழற்றும் பக்கம் திருப்பவில்லை.
முதலில் இறுக்கும் பக்கம், ஒரு மயிரிழை.
பிறகு இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம்.
கிரீச்.
கல்யோ தொப்பியைக் கழற்றினான்.
விரல் நீளத் துரு, உடைந்த எக்ஸ்ட்ராக்டர் வயிற்றில் இருக்க,
அரை மணி நேரத்தில் முழுசாக வெளியே வந்தது.

அவன் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தான்.
நான் தட்டில் கிடந்த தலைகளை
மண்ணெண்ணெயில் துடைத்தேன், சும்மா, பழக்கம்.
நான்காவதன் ஓரத்தில்
கரிக்கும் பச்சைக் கறைக்கும் அடியில்
ஒரு கோடு.
பவள நிறம்.
இறுக்கிய போல்ட்டில் நகப்பூச்சால் கோடு போடுவது
அந்த நாளில் இந்தத் தீவிலேயே ஒருத்திதான்.
இருபத்தாறு வயது அவளுக்கு.
மறுநாள் காலை வண்டி வாங்க ஆள் வருகிறது,
பம்பு ஒழுகுகிறது,
மாற்றக் காசில்லை.
குளியலறையிலிருந்து ஒரு முழக் குழாயைக் கழற்றி வந்தாள்.
சொட்டு நின்றது.
ஒரு நாளைக்கு நின்றால் போதும் என்றிருந்தாள்.

வாங்கியவன் நாற்பது கிலோமீட்டர் போனான்.
ஒரிஸ்ஸாரே சாலையில் வண்டி கொதித்து,
புது மனைவியை இறக்கி நடக்கவைத்து,
அவள் செருப்பு சேற்றில் போய்,
அந்தக் கதையை முப்பது வருஷமாக
ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்கிறான்,
கடைசியில் எப்போதும் ரஷ்ய வார்ப்படத்தைத் திட்டி முடிக்கிறான்.
நானும் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன்.

மீன் முள்ளைத் துப்பிவிட்டு,
என்ன பார்க்கிறாய் என்றான்.

உட்கார், கல்யோ.
அந்த ஒரிஸ்ஸாரே கதையை
முதலிலிருந்து ஒரு தடவை சொல்.
இந்த முறை நடுவில் நான் பேசுவேன்.